பனிச்சரிவும் அடுக்குகளின் வரலாறும்

பனி என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டே நாம் இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சமாளித்து வந்திருக்கிறோம். முன்பனி, பின்பனி என்று பெரும்பொழுதுகளில் இரண்டை அதற்கு ஒதுக்கிய மரபு, காலையில் புல்நுனியில் நிற்கும் துளியையும் பனி என்றது. இமயத்தின் உச்சியில் உருகாமல் கிடப்பதையும் பனி என்றது. வகுப்பில் பெரும்பொழுது நடத்தும்போதெல்லாம் யாராவது ஒரு மாணவர் ‘இரண்டும் வேறல்லவா ஐயா’ என்று கேட்பது வழக்கம். வேறுதான் என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவோம். ஆல்ப்ஸ் மலைநாடுகளின் பனிச்சரிவு வரலாற்றைச் சில ஆண்டுகளாகத் தேடிப் படித்த பிறகு அந்த விடையை முன்போல எளிதாகச் சொல்ல முடியவில்லை. காரணம் கொஞ்சம் தள்ளி வரும்.

கிரேக்க நிலவியலாளர் ஸ்ட்ராபோவிலிருந்து தொடங்குவோம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அவர் எழுதிய நிலவியல் நூலின் நான்காம் புத்தகத்தில் ஆல்ப்ஸ் கணவாய்களைப் பற்றிய பகுதி ஒன்று உண்டு. வணிகக் கூட்டங்களை முழுதாகப் பள்ளத்துக்குள் தள்ளிவிடும் பனிச்சரிவுகளை அங்கே குறிப்பிடுகிறார். அதோடு நிற்காமல், பனி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கடுக்காய் இறுகிக் கிடக்கிறது என்றும், மேலடுக்கு கீழடுக்கிலிருந்து எளிதில் விடுபட்டுவிடுகிறது என்றும் காரணமும் சொல்கிறார். இன்றைய பனியியல் பாடநூல் ஒன்றின் முதல் அத்தியாயம் இதற்கு மேல் அதிகமாகச் சொல்லிவிடவில்லை. ஸ்ட்ராபோ சொன்னதை மீண்டும் கண்டுபிடிக்க ஐரோப்பாவுக்கு ஏறத்தாழ பத்தொன்பது நூற்றாண்டுகள் பிடித்தன. அறிவு வளர்கிறது என்று நாம் பொதுவாக நம்புகிறோம். அது தொலைந்தும் போகிறது.

இடைப்பட்ட காலத்தில் மலைமக்களுக்கு எதுவுமே தெரியாமலிருந்தது என்பதல்ல. சுவிட்சர்லாந்தின் ஆண்டர்மாட் ஊருக்கு மேலே உள்ள காட்டை யாரும் வெட்டக் கூடாது என்று தடைசெய்யும் சாசனம் 1397ஆம் ஆண்டுக்குரியது. அந்த மரங்கள்தாம் ஊரின் அரண். ஷில்லர் 1804இல் எழுதிய ‘வில்லியம் டெல்’ நாடகத்தில் தந்தையும் மகனும் இந்தக் காட்டைப் பற்றிப் பேசும் இடம் வருகிறது. வெட்டினால் மரத்தில் இரத்தம் வடியும் என்னும் நம்பிக்கையைச் சிறுவன் கேட்க, காடு இல்லாவிட்டால் சரிவுகள் ஊரை எப்போதோ புதைத்திருக்கும் என்று டெல் விளக்குகிறான். நம் ஊர்க் கோயிற்காடுகளில் கிளை ஒடிக்கத் தயங்கும் கை நினைவுக்கு வருகிறது. ஆனால் இந்த அறிவு முழுவதும் இடத்தைப் பற்றியது. சரிவு எந்த வழியாக வரும், எதுவரை வரும், எந்த மேட்டில் வீடு கட்டலாம் என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்திருந்தது. ஏன் இன்று வருகிறது, ஏன் நேற்று வரவில்லை என்பது தெரியாது. பள்ளத்தாக்கில் வாழ்பவனுக்குச் சரிவு மேலிருந்து வரும் ஒன்று. அவன் அதைத் தொடங்கி வைப்பதில்லை.

சுவிட்சர்லாந்தின் முதல் கூட்டாட்சி வனக் கண்காணிப்பாளரான யோகான் கோவாஸ் 1881இல் சுவிஸ் ஆல்ப்ஸின் பனிச்சரிவுகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1850இல் பிட்ஸ் பெர்னினா சிகரத்தில் முதலில் ஏறியவரும் அவரே. பனிச்சரிவுகளைப் பட்டியலிட்டு, வகைப்படுத்தி, தடுப்புச் சுவர்களுக்கு வழி சொன்ன அந்நூலிலும் பனியைப் பார்க்கும் கண் வனக்காவலனின் கண்தான். கீழே நின்று மேலே பார்ப்பது.

இந்தக் கோணத்தை மாற்றியது ஒரு சோடி மரக்கட்டை. நார்வேயிலிருந்து வந்த சறுக்குக் கட்டைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஆல்ப்ஸுக்குள் நுழைந்தன. அதுவரை குளிர்காலத்தில் மலையுச்சிப் பக்கம் போக யாருக்கும் வேலை இல்லை. இப்போது விளையாட்டாகப் போகத் தொடங்கினார்கள். மனைவியின் காசநோய்க்காக டாவோஸில் தங்கியிருந்த ஆர்தர் கோனன் டாயில், 1894 மார்ச்சில் உள்ளூர்ச் சகோதரர் இருவருடன் கணவாயைக் கடந்து அரோசாவுக்குச் சறுக்கிச் சென்றார். ஷெர்லாக் ஹோம்சை ரைகன்பாக் அருவியில் தள்ளிவிட்டு அவர் ஓய்வாக இருந்த காலம் அது. ஆங்கிலேயர்கள் நூற்றுக்கணக்கில் சறுக்குவதற்காகவே இங்கு வரும் காலம் வரும் என்று அந்தப் பயணக் கட்டுரையில் எழுதினார், அப்படியே நடந்தது. 1897இல் வில்ஹெல்ம் பவுல்கே என்ற செர்மானியர் நண்பர்களோடு பெர்ன் மேட்டுநிலத்தின் பனியாறுகளைச் சறுக்குக் கட்டைகளில் குறுக்காகக் கடந்தார். பின்னாளில் நிலவியல் பேராசிரியராகி, பனியின் அடியில் உருவாகும் ஒட்டாத மணிகளை ஆராய்ந்து ‘நீந்தும் பனி’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டியவரும் இவரே.

மனிதன் சரிவின் கீழிருந்து சரிவின் மேலேயே ஏறி நின்றுவிட்டான் என்பதுதான் இதில் நடந்த பெரிய மாற்றம். இன்று சறுக்குப் பயணங்களில் சிக்கி இறப்பவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர், தாங்களோ தங்கள் குழுவில் ஒருவரோ கிளப்பிவிட்ட சரிவிலேயே இறக்கிறார்கள். பனிச்சரிவு வரலாற்றில் இந்த ஒரு செய்தியை மட்டும் நினைவில் வைத்தால் போதும் என்றுகூடச் சொல்லலாம். மற்ற இயற்கைச் சீற்றங்களோடு பனிச்சரிவையும் ஒன்றாகப் பட்டியலிடும் நம் பொது அறிவு நூல்கள் இதைச் சொல்வதில்லை. நிலநடுக்கத்தை யாரும் மிதித்துக் கிளப்புவதில்லை.

முதல் உலகப் போர் இந்தப் பாடத்தைக் கொடூரமாக நடத்திக் காட்டியது. இத்தாலியும் ஆஸ்திரிய-அங்கேரியும் மலைமுகடுகளில் எதிரெதிரே பாசறை இட்டிருந்தன. 1916 டிசம்பர் 13 அன்று மர்மோலாதா மலையில் ஆஸ்திரியப் படையினரின் மரக்குடியிருப்புகள்மேல் பனி இறங்கியது. 270 அளவில் வீரர்கள் மாண்டனர். இத்தாலியப் பீரங்கிகளின் பார்வையில் படாதபடி பாறைக்குக் கீழே பார்த்துத்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். குண்டுக்கு மறைவான இடம் பனிக்கு நேர்வழியாக இருந்தது. இடத்தை மாற்ற வேண்டும் என்று அங்கிருந்த படைத்தலைவர் முன்பே கேட்டிருந்தார்; மேலிடம் இசையவில்லை. அந்த மாதம் இரு தரப்பிலும் பனிச்சரிவில் இறந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். ‘வெள்ளை வெள்ளிக்கிழமை’ என்று பின்னர் பெயரிட்டார்கள். மர்மோலாதா நாள் உண்மையில் புதன்கிழமை. பேரழிவுகளுக்கு வெள்ளிக்கிழமை பொருந்தும் என்று யாரோ முடிவுசெய்திருக்க வேண்டும். அதே ஆண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரியச் சறுக்குக்கலையின் முன்னோடி மத்தியாஸ் ஸ்தார்ஸ்கி பனிச்சரிவில் புதைந்து, உடம்பில் எண்பது அளவிலான முறிவுகளோடும் மூட்டு விலகல்களோடும் உயிர்பிழைத்தார்.

இதற்குப் பிறகு டாவோஸுக்கே திரும்ப வேண்டும். தாமஸ் மான் 1924இல் வெளியிட்ட ‘மாயமலை’ நாவலின் களம் இவ்வூர்தான். அதில் ‘பனி’ என்றே ஓர் அத்தியாயம் உண்டு. நாயகன் காஸ்டார்ப் தனியே சறுக்கிப் போய்ப் புயலில் வழிதவறுகிறான். நாவல் வந்து ஒரு வியாழவட்டம் கழித்து, 1936இல், அதே ஊருக்கு மேலே வைஸ்ஃப்ளூயோக் என்னும் மலைத்தோளில், 2,500 மீட்டருக்கும் மேலான உயரத்தில், சில ஆய்வாளர்கள் மரக்குடில் ஒன்றில் பனியை வெட்டி நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் இருந்த பவுல் நிக்லி கனிமவியலாளர். ராபர்ட் ஹேஃபெலி மண்ணின் பொறியியலில் பயிற்சி பெற்றவர். வனத்துறையும் வானிலைத்துறையும் அதுவரை கேட்காத கேள்வி இந்த இருவர் துறைகளிலிருந்தும் வந்தது: பனியை ஒரு பாறையாகவும் ஒரு மண்ணாகவும் பார்த்தால் என்ன? பனிக்குள் தட்டித் தட்டி இறக்கி அடுக்கின் கடினத்தை அளக்கும் கோலை ஹேஃபெலி வடிவமைத்தார். 1939இல் ‘பனியும் அதன் உருமாற்றமும்’ என்ற பொருளில் இவர்கள் கூட்டாக வெளியிட்ட நூல் ஒரு புதிய துறையின் மூலநூல் ஆயிற்று.

அந்த நூல் சொன்னதை நம் சொற்களில் சொல்ல முயல்வோம். விழுந்த பனி விழுந்தபடியே கிடப்பதில்லை. நிலத்தை ஒட்டிய பனி சுழியம் பாகைக்குச் சற்றுக் கீழே இதமாக இருக்கும். மேற்பரப்போ தெளிந்த இரவில் சுழியத்துக்கு இருபது பாகை கீழே போய்விடும். பனி மூன்று மீட்டர் ஆழமாகக் கிடந்தால் இந்த வேறுபாடு மெல்ல மெல்லப் பரவும். மணிகள் உருண்டு, ஒன்றோடொன்று ஒட்டி, இறுகும். அரை மீட்டர்தான் கிடக்கிறது என்றால் அதே வேறுபாடு மிகக் குறுகிய தூரத்துக்குள் அடைபடும். அப்போது கீழேயுள்ள மணிகளிலிருந்து ஆவி கிளம்பி மேலேயுள்ள குளிர்ந்த மணிகளில் படிந்து உறைகிறது. சில வாரங்களில் பழைய மணிகளே இருப்பதில்லை. கூர்முனையும் தட்டையான முகங்களும் கொண்ட பெரிய படிகங்கள், சில கிண்ணம்போலக் குழிந்தவை, அவ்விடத்தில் நிற்கின்றன. கையில் அள்ளினால் சீனியைப் போல விரலிடுக்கில் ஒழுகும், பிடித்தால் உருண்டையாகாது. பவுல்கேயின் நீந்தும் பனி இதுதான். ஆகவே முன்குளிர்காலத்தில் பனி குறைவாகப் பெய்த ஆண்டு பாதுகாப்பான ஆண்டு என்னும் எண்ணம் தவறாகிறது. நவம்பரில் விழுந்த கொஞ்சப் பனி கெட்டுப்போய் அடித்தளமாகக் கிடக்க, சனவரியின் பெரும்பனி அதன்மேல் வந்து உட்காருகிறது.

இன்னொரு வகை அடுக்கும் உண்டு. காற்றில்லாத, மேகமில்லாத இரவில் பனிப்பரப்பு தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைக் காட்டிலும் குளிர்ந்துவிடும். காற்றின் ஈரம் அதன்மேல் இறகு இறகாகப் படிந்து உறையும். காலை வெயிலில் அது மின்னும் அழகைப் புகழாத மலையேறி இல்லை. நம் ஊரில் மார்கழி இரவில் புல் குளிர்ந்து துளி படிவதும் இதே காரணத்தால்தான். வெப்பநிலை மட்டும்தான் வேறு. ஒரு சனவரியில் மாணவர்களை உதகைக்கு அழைத்துப் போயிருந்தபோது, புல்வெளி முழுதும் வெண்மையாகக் கிடந்ததைப் பார்த்து ஒருவன் ‘ஐயா, பனி பெய்திருக்கிறது’ என்று கூவினான். பெய்யவில்லை, படிந்திருக்கிறது என்று திருத்தினோம். ஆல்ப்ஸில் அப்படிப் படிந்ததன்மேல் மறுநாள் புதுப்பனி மெத்தென்று விழுந்து மூடிவிடும். இறகுகள் உடையாமல் நின்றபடி வாரக்கணக்கில் உள்ளே காத்திருக்கும். ஆளைக் கொல்லும் சரிவுகள் பலவற்றின் அடியில் கிடப்பது இதுதான். துளியையும் இமயப் பனியையும் ஒரே சொல்லால் சுட்டிய நம் முன்னோர் இதை அறிந்து செய்தார்கள் என்று சொல்ல வரவில்லை. அந்த வகைப் பெருமை பேசும் கட்டுரைகள் போதுமான அளவு வந்துவிட்டன. ஆனால் ‘இரண்டும் வேறல்லவா’ என்று கேட்கும் மாணவருக்கு இப்போது கொஞ்சம் நின்று விடைசொல்ல வேண்டியிருக்கிறது.

நலிந்த அடுக்கின்மேல் இறுகிய பாளம். முப்பது பாகைக்கு மேற்பட்ட சாய்வு. அதன்மேல் ஒரு மனிதனின் எடை. இவ்வளவு போதும். அவன் காலடியில் உள்ளடுக்கு நொறுங்கி அமரும்போது ‘வும்ம்’ என்று அடிவயிற்றில் உணரத்தக்க ஓர் ஓசை எழும். நொறுங்கல் கண்ணிமைக்கும் நேரத்தில் பாளத்தின் அடியில் பரவி, மேலே எங்கோ வெடிப்பு திறந்து, அவன் நின்ற தரை முழுவதும் ஒரே துண்டாகக் கிளம்பும். சமவெளியில் நின்றபடியே மேலுள்ள சரிவைக் கிளப்பிவிட்டவர்கள் உண்டு. அறுத்துக்கொண்டு நழுவுவதால்தான் இப்படி நடக்கிறது என்று நெடுங்காலம் கருதினார்கள். உள்ளடுக்கு முதலில் கீழ்நோக்கி அமிழ்கிறது, அந்த அமிழ்வே பரவுகிறது என்ற கருத்தை 2008இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான கட்டுரை ஒன்று வலுவாக முன்வைத்தது.

1950-51 குளிர்காலம் சுவிட்சர்லாந்தில் மட்டும் 98 பேரைக் கொன்றது. 1951 சனவரி 20 அன்று வால்ஸ் ஊரில் 19 பேர், ஆண்டர்மாட்டில் 13 பேர். 1397இன் காட்டுக்குக் கீழே இருந்த அதே ஆண்டர்மாட்! இறந்தோரில் மிகப் பலர் வீடுகளுக்குள் இருந்தவர்கள். அதன்பின் மலைச்சரிவுகளில் எஃகு வேலிகள் வரிசை வரிசையாக எழுந்தன. இடர்ப்பகுதி வரைபடங்கள் வந்தன. 1999 பிப்ரவரியில் மறுபடியும் பெரும்பனி இறங்கியபோது சுவிட்சர்லாந்தின் உயிரிழப்பு 17 ஆகக் குறைந்திருந்தது; எல்லைக்கு அப்பால் ஆஸ்திரியாவின் கால்ட்யூர் ஊரில் பிப்ரவரி 23 அன்று ஒரே சரிவு 31 பேரைப் புதைத்தது. ஊரைக் காப்பதில் கிடைத்த வெற்றி மெய்யானது. ஆனால் சுவிட்சர்லாந்தில் இன்றும் ஆண்டுக்குச் சராசரியாக இருபதுக்குச் சற்று மேற்பட்டோர் இறக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் திறந்த மலைக்குத் தாமாகப் போனவர்கள். அவர்களுக்கு எந்த வேலியும் இல்லை.

அவர்களுக்காக என்ன செய்யலாம் என்பதில்தான் இத்துறையின் சுவையான சண்டை நடந்தது. பனியைத் தோண்டிப் பார், அடுக்குகளைச் சோதி, அதன்பின் போ என்பது டாவோஸ் மரபு. சுவிஸ் இராணுவத்தில் தொடங்கி 1980களில் பவுல் ஃபோன் முறைப்படுத்திய சோதனையில், ஒரு பனிக்கட்டத்தை நான்கு பக்கமும் வெட்டித் தனித்துவிட்டு அதன்மேல் சறுக்குக் கட்டையோடு ஏறிக் குதிக்கிறார்கள். எத்தனையாவது குதிப்பில் நழுவுகிறது என்பது கணக்கு. 2006இல் அறிமுகமான இன்னொரு சோதனையில் 90 சென்டிமீட்டர் அகலப் பனித்தூணின் ஒரு ஓரத்தில் மண்வெட்டியை வைத்து மணிக்கட்டிலிருந்து பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து எனத் தட்டுகிறார்கள். வெடிப்பு மறுகோடிவரை ஓடுகிறதா என்று பார்க்கிறார்கள். வெர்னர் முன்டர் என்ற மலைவழிகாட்டி இந்த மரபுக்கு எதிராகக் கொடி பிடித்தார். பத்தடி தள்ளித் தோண்டினால் வேறு விடை வருகிறதே, ஒரு குழியை நம்பி முழு மலையில் எப்படி இறங்குவது என்பது அவர் கேள்வி. 1992இல் அவர் முன்வைத்த முறை தோண்டுவதையே விட்டுவிட்டது. அன்றைய எச்சரிக்கை நிலை என்ன, சரிவு எத்தனை பாகை, எந்தத் திசை நோக்கியது, குழுவில் எத்தனை பேர் என்று பார்த்து மனக்கணக்குப் போட்டு, இடர் மிகுந்தால் திரும்பிவிடு. ஆய்வாளர்களுக்கு இது அறிவியல் துரோகமாகத் தோன்றியது. நம் சாய்வு முன்டர் பக்கமே என்றாலும், தோண்டியவன்தான் ஓரளவேனும் பனியைக் கண்ணால் பார்க்கிறான். கணக்கு மட்டும் போடுபவன் எதையும் பார்ப்பதில்லை என்ற மறுப்பிலும் நியாயம் இருக்கிறது. குழி ‘போகாதே’ என்று சொன்னால் நம்பலாம், ‘போகலாம்’ என்று சொன்னால் நம்பக் கூடாது என்று இரு தரப்பும் பின்னர் ஒருவாறு கிட்ட வந்தன.

1993இல் ஐரோப்பிய நாடுகள் ஏற்றுக்கொண்ட ஐந்து படி எச்சரிக்கை அளவுகோலிலும் ஒரு விபரீதம் உண்டு. மிகுந்த உயிரிழப்பு நடப்பது நான்கிலோ ஐந்திலோ அல்ல, மூன்றில். ஐந்து என்றால் யாரும் வெளியே போவதில்லை. மூன்று என்றால் நடுவாந்தரம் என்று படித்துக்கொள்கிறார்கள். அந்தப் படிகள் சம உயரம் உடையவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் இடர் பன்மடங்காகிறது. இதைவிடச் சங்கடமானது இயன் மெக்காமன் அமெரிக்காவில் 1972 முதல் 2003 வரை நடந்த 715 விபத்துகளை ஆராய்ந்து கண்டது. நன்கு பயிற்சி பெற்றவர்கள்கூடத் தமக்குப் பழகிய சரிவுகளில், பயிற்சி குறைந்தவர்களுக்கு ஒப்பாகவே இடருக்குள் போயிருந்தார்கள். நூறுமுறை இறங்கிய சரிவு நூற்றோராம் முறையும் அப்படியே இருக்கும் என்று மனம் சொல்லிவிடுகிறது. பனியின் அடுக்குகளைத் தோண்டத் தொடங்கியவர்கள் கடைசியில் மனித மனத்தின் பழக்கத்தில் வந்து முட்டிக்கொண்டார்கள்.

புதைந்தவனுக்கு இருக்கும் நேரம் மிகக் குறைவு. கால் மணிக்குள் தோண்டி எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள் என்று 1994இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. 35 நிமிடத்தில் அது மூன்றில் ஒன்றாக விழுகிறது. 2024இல் சுவிஸ் தரவுகளைத் திரும்பக் கணக்கிட்டபோது அந்தக் கால் மணியும் பத்து நிமிடமாகச் சுருங்கியது. மீட்புக் குழு ஊரிலிருந்து வந்து சேரும் நேரம் அல்ல இது. ஜான் லாட்டன் 1968இல் வடிவமைத்த வானொலிக் கருவியும் அதன் இன்றைய வாரிசுகளும் ஒவ்வொரு பயணியின் மார்பிலும் கட்டப்பட்டிருப்பது இதனால்தான். காப்பாற்ற வேண்டியவர் கூட வந்த நண்பர். அவர் கையில் மண்வெட்டி இருக்க வேண்டும்.

இந்த அறிவு முழுவதும், திரும்பிப் போகும் உரிமை உள்ளவனுக்கானது. மர்மோலாதாவின் படைவீரனுக்கு அது இல்லை. இந்தியாவில் இத்துறைக்கென 1969இல் மணாலியில் ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. 2020இல் அது பாதுகாப்பு ஆய்வு அமைப்பின் வேறொரு நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. அதன் எச்சரிக்கைகளைப் பெறுபவர்களில் பலர் விளையாட்டுக்காக மலைக்குப் போனவர்கள் அல்லர். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில், 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் முகாமின்மேல் பனிச்சுவர் ஒன்று சரிந்தது. அங்கிருந்த பத்துப் பேரும் மதராஸ் படைப்பிரிவின் 19ஆம் அணியைச் சேர்ந்தவர்கள். மோப்ப நாய்களையும் ராடாரையும் கொண்டு தேடினார்கள். ஆறாம் நாள் 25 அடிப் பனிக்குக் கீழே ஹனுமந்தப்பா உயிரோடு கிடைத்தார். பிப்ரவரி 11 அன்று டெல்லி இராணுவ மருத்துவமனையில் இறந்தார். மாண்ட பத்துப் பேரில் நால்வர் தமிழ்நாட்டவர். அவர்கள் உடல்கள் ஊர் வந்து சேர்ந்தபோது மாசி பிறந்திருந்தது. நம் கணக்கில் அது பின்பனிக் காலம்.